மண்ணுக்குள் சுவர் இருந்தால் மேலே பயிர் என்ன செய்யும்?

கேட்கப்பட்டது இது: மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும் பழைய நகரங்களை, மேலே வளரும் பயிரின் நிறத்தை வைத்தே செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிக்கிறார்களாமே, எந்த அளவுக்கு உண்மை? எங்கள் ஊருக்கு வெளியே பானை ஓடு கிடைக்கும் மேடு ஒன்று இருக்கிறது. கூகுள் எர்த்தில் நானே பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

முதல் பாதிக்குப் பதில்: உண்மைதான். இரண்டாம் பாதிக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு முன் என் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

வாசலில் தண்ணீர் சம்ப் ஒன்று இருக்கிறது. அதன் கான்கிரீட் மூடிக்கு மேல் அரையடி மண் போட்டு, வாசல் முழுக்கப் புல் வளர்த்தேன். கார்த்திகை, மார்கழியில் எங்கும் ஒரே பச்சை. சம்ப் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சித்திரையில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி மொட்டை மாடியில் நின்று பார்த்தால், நூல் பிடித்து வரைந்ததுபோல் ஒரு பழுப்புச் செவ்வகம். சம்ப் மூடியின் நீள அகலம் அப்படியே. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் தோண்டி மறுபடி மூடிய இடத்தில் மட்டும் புல் வாடாமல் பச்சைக் கோடாக நின்றது. குழாய் கசியவில்லை, சோதித்துப் பார்த்தேன். தோண்டி மூடிய மண் பொலபொலவென்று ஆழமாக இருந்தது; வேர் இறங்கியது, அடியில் இருந்த ஈரத்தை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

தொல்லியலில் ‘கிராப் மார்க்’ என்று சொல்லும் பயிர்த்தடத்தின் அடிப்படை முழுவதும் இந்த வாசலில் இருக்கிறது. மண்ணுக்கடியில் கல்லோ செங்கல்லோ சுண்ணாம்புத் தளமோ இருந்தால், மேலே இருக்கும் மண் மெலிதாக இருக்கும். அது பிடித்துவைக்கும் தண்ணீரும் குறைவு. மழை நின்று சில வாரம் ஆனதும் அங்கே நிற்கும் பயிர் முதலில் வாடும், குட்டையாகும், சீக்கிரம் மஞ்சளாகிக் கதிர் முற்றும். மாறாக, ஒரு காலத்தில் அகழியோ குப்பைக்குழியோ வாய்க்காலோ இருந்து பின்னால் தூர்ந்துபோன இடத்தில் மண் ஆழமானது, மட்கு கலந்தது. அங்கே பயிர் உயரமாக, கரும்பச்சையாக, மற்றதெல்லாம் பழுத்த பிறகும் சில நாள் பச்சையாகவே நிற்கும். தூர்ந்த கிணற்றின் மேல் கடலை தனியாகச் செழித்து நிற்பதைப் பார்த்த விவசாயிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பயிருக்குச் சுவர் தெரியாது என்பதுதான். அதற்குத் தெரிவது தாகம் மட்டும். நாம் மேலிருந்து எடுப்பது சுவரின் படம் அல்ல, மண்ணில் ஈரம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதன் படம். அதில் சுவரின் வடிவம் தெரிந்தால் அது நம் அதிர்ஷ்டம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த முறை எங்கே பலிக்கும், எங்கே ஏமாற்றும் என்பது பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும்.

விமானம் வருவதற்கு முன்பே இதைக் கவனித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் 400 ஆண்டுகளுக்கு முன்பே, ரிச்பரோ என்ற பழைய ரோமானியக் கோட்டைப் பகுதியில், தெருக்கள் ஓடிய இடமெல்லாம் பயிர் மெலிந்து நிற்பதால் தெருவின் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன என்று எழுதிவைத்தார். 1719இல் கிரேட் செஸ்டர்ஃபோர்டு என்ற ஊரில் வில்லியம் ஸ்டூக்லி ஒரு கோயிலின் வரைபடத்தையே தானிய வயலில் பார்த்தார். ஆனால் தரையில் நிற்பவனுக்கு இது அபூர்வமாகத்தான் வாய்க்கும். பெரிய கோலத்தின் மேல் ஊரும் எறும்புக்கு வெள்ளைக் கோடு தெரியும், கோலம் தெரியாது.

கோலத்தைப் பார்க்கும் உயரம் முதல் உலகப் போரோடு வந்தது. ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு போரில் விமானத்தில் உட்கார்ந்து வேவு பார்த்தவர். 1920இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரி ஆனார். விமானப்படை பயிற்சிக்காக எடுத்துக் குவித்திருந்த படங்களைப் புரட்டியபோது, பழங்கால வயல் வரப்புகள் அவற்றில் தெளிவாகத் தெரிவதைக் கண்டார். எதிரியின் பதுங்குகுழியைத் தேடப் பழகிய கண்ணுக்கு 2,000 ஆண்டு பழைய பள்ளமும் தெரியாமல் போகுமா?

அந்தக் காலக் கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது உட்ஹெஞ்ச். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில், உழுது உழுது தேய்ந்துபோன வட்ட மேடு ஒன்று இருந்தது. யாரோ பழைய தலைவரின் சமாதி என்று விட்டுவிட்டார்கள். 1925 டிசம்பரில் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி மேலே பறக்கும்போது வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தார். அடுத்த கோடையில், 1926 ஜூலையில், அதே நிலத்தில் கோதுமை நின்றது. மறுபடி பறந்தார். இப்போது புள்ளிகள் கரும்பச்சையாக, வட்டத்துக்குள் வட்டமாக நெருங்கி நின்றன. தொல்லியலாளர் மாட் கன்னிங்டனும் அவர் கணவரும் தோண்டியபோது ஆறு வட்டங்களில் 168 கம்பக்குழிகள் கிடைத்தன. நிறுத்தியிருந்தவை மரத்தூண்கள். 4,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் மரத்தில் துரும்புகூட மிச்சமில்லை. சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய குழி, அதை நிரப்பிய இளகிய மண், அவ்வளவுதான் மிச்சம். அது போதும் கோதுமைக்கு. இல்லாமல் போன தூணை அது நின்ற இடத்தோடு பயிர் காட்டிக்கொடுத்தது. கல்லை மட்டும்தான் இந்த முறையில் தேட முடியும் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி ‘தொலையுணர்வு’ (தொடாமல், தூரத்திலிருந்தே அளந்தறிவது) என்ற சொல் உள்ளே வரும் இடம். வாடிய பயிரைக் கண்ணால் பார்த்தே சொல்லலாமே, எதற்குச் செயற்கைக்கோளும் சிறப்புக் கேமராவும்? காரணம், பயிர் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சளாவதற்கு முன்பே அகச்சிவப்பில் மாறத் தொடங்கிவிடும். இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. நம் கண்ணால் பார்க்க முடியாத அண்மை அகச்சிவப்பை (சுமார் 700 முதல் 1,300 நானோமீட்டர் வரை) இலையின் உள் திசு அமைப்பு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. அகச்சிவப்பைப் பார்க்கும் கண் நமக்கு இருந்திருந்தால் வயலெல்லாம் பச்சையாக அல்ல, கண்ணைக் கூசவைக்கும் பிரகாசமாகத் தெரியும். பயிருக்குத் தண்ணீர் குறைந்ததும் பச்சையம் குறைகிறது. சிவப்பு கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. செல்கள் சுருங்க, இலை உதிர, அகச்சிவப்பு குறைகிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, இரண்டையும் ஒப்பிட்டால் வாட்டம் பெரிதாகத் தெரியும்.

அந்த ஒப்பீட்டுக்குத்தான் என்.டி.வி.ஐ. என்று பெயர். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. ஒரு எடுத்துக்காட்டு. நல்ல பயிர் அகச்சிவப்பில் 45 விழுக்காடும் சிவப்பில் 5 விழுக்காடும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 40ஐ 50ஆல் வகுத்தால் 0.8. பக்கத்தில் சுவரின் மேல் நிற்கும் பயிர் 30, 12 என்று திருப்பினால் 18ஐ 42ஆல் வகுக்க வேண்டும், 0.43. சாதாரணப் படத்தில் ‘கொஞ்சம் வெளிர்ப் பச்சை’ என்று தெரிந்த இடம் இந்த எண்ணில் பாதியாக விழுந்துவிடுகிறது. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் 700 நானோமீட்டர் சுற்றுவட்டாரம் இன்னும் நுட்பமானது. பயிருக்கு மன உளைச்சல் வந்தால் முதலில் தெரிவது அங்கேதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சைப்ரஸில் அலம்ப்ரா என்ற இடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். புதைந்த கல்லறை போன்ற அமைப்புகளைத் தாங்களே மண்ணுக்குள் கட்டி மூடி, மேலே பார்லியும் கோதுமையும் விதைத்து, பயிர் வளர வளர அதன் ஒளியை அளந்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டே மேலே என்ன தெரிகிறது என்று பார்ப்பது. இந்தத் துறையில் இப்படிப்பட்ட நேர்மையான சோதனைகள் குறைவு. அதனால்தான் அதைக் குறிப்பிடுகிறேன்.

இவை எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த இடம் இத்தாலியின் அல்தினோ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெனிஸ் நகரத்தின் மார்கோ போலோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், காயலின் ஓரமாக விரிந்த விவசாய நிலம். மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார்கள். அங்கேதான் அல்தினும் என்ற ரோமானிய நகரம் இருந்தது. கி.பி. 452இல் அட்டிலாவின் ஹூணப் படை இந்தப் பகுதியைச் சூறையாடியது. பின்னாளில் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காயல் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவற்றில் ஒன்றான டோர்செல்லோவில் 639இல் தேவாலயம் எழுந்தது. அந்தத் தீவு வாழ்க்கையிலிருந்துதான் பிறகு வெனிஸ் வளர்ந்தது. அதனால் அல்தினுமை வெனிஸின் தாய்வீடு என்று சொல்வார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. வீடு கட்டக் கல்லையும் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பல நூற்றாண்டு அங்கே கல் எடுப்பு நடந்தது. பிறகு அந்த இடம் சதுப்பாகிப்போய், நவீன காலத்தில்தான் வடிகால் வெட்டி விவசாயத்துக்கு வந்தது.

தொல்லியலாளர் பார்வையில் இது கெட்டதிலும் ஒரு நல்லது. வட இத்தாலியின் மற்ற பெரிய ரோமானிய நகரங்களின் மேல் இடைக்கால ஊரும் இன்றைய ஊரும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வெரோனாவையோ மிலானையோ இடித்துவிட்டுத் தோண்ட முடியாது. அல்தினுமின் மேல் இருப்பது சோளம் மட்டும்தான். ஆனால் தரைக்கு மேல் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. அங்கங்கே தோண்டிப் பார்த்ததில் சில பகுதிகள் கிடைத்திருந்தன. முழு நகரம் எப்படி இருந்தது என்பது தெரியாமலே இருந்தது.

2007 ஜூலையில் அங்கே கடும் வறட்சி. பாதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரேயா நின்ஃபோ, அலெஸ்ஸாந்த்ரோ ஃபொந்தானா, பாவ்லோ மோட்ஸி, பிரான்செஸ்கோ ஃபெர்ராரேஸே ஆகியோரின் குழு அந்தச் சமயத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கையில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் எடுத்த படங்கள். அவற்றைப் பதப்படுத்தித் தட்டையாக விரித்தபோது வயலுக்குள்ளிருந்து நகரம் எழுந்து வந்தது. மதில், நகர வாயில், தெருக்கள், வீட்டு வரிசைகள், நகரச் சதுக்கம், பசிலிக்கா என்ற பொது மண்டபம், அரைவட்ட நாடக அரங்கம், மதிலுக்கு வெளியே ஆம்ஃபிதியேட்டர் என்ற நீள்வட்டக் காட்சி அரங்கம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நகரத்தின் நடுவே ஓடிக் காயலோடு சேர்ந்த ஒரு பெரிய கால்வாய். கட்டடங்கள் வெளிறிய கோடுகளாகவும், கால்வாயும் குழிகளும் அடர்ந்த தடங்களாகவும் தெரிந்தன. சதுப்பு நிலத்தில், தண்ணீரோடு போராடி, கால்வாய் வெட்டி வாழத் தெரிந்த நகரவாசிகள் வெனிஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே இருந்தார்கள் என்பதற்கு இது நேரடிச் சாட்சி. 2009 ஜூலையில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வரைபடம் வெளியானது. மண்வெட்டி ஒன்றுகூட இறங்காமல் ஒரு ரோமானிய நகரத்தின் தெரு வரைபடம்.

இங்கே நான் வியப்பது கேமராவை அல்ல. அந்த நிலத்தை அதற்கு முன்பும் பலமுறை மேலிருந்து படமெடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் அந்த ஜூலை மாதம். மக்காச்சோளமும் சோயாவும் நன்றாக வளர்ந்து தண்ணீர் அதிகம் கேட்கும் கட்டம், வானம் கைவிட்ட நேரம், அப்போது படம் எடுத்தது. இந்த மூன்றும் சேராவிட்டால் அதே கேமரா பச்சை வயலைத்தான் காட்டியிருக்கும். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயும் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். சுவரின் கல் போனாலும் கடைக்காலில் சிதறிய காரையும் செங்கல் துண்டும் அங்கேயே கிடக்கும். அவை கலந்த மண் தண்ணீர் பிடிக்காது. சோளத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வறட்சி இந்தத் துறைக்கு அறுவடைக்காலம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விவசாயி வானத்தைப் பார்த்து வயிறு எரியும்போது தொல்லியலாளர் விமானத்துக்குப் பெட்ரோல் போடுகிறார். பிரிட்டனில் 1976இன் வறட்சியைப் பற்றி இன்றும் பேசுவார்கள். 2018 கோடையில் அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து மூன்றும் காய்ந்தன. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக்குப் பக்கத்து வயலில், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்ட அமைப்பு அந்த ஜூலையில் ட்ரோன் கேமராவில் சிக்கியது. கண்டவர் ஆந்தனி மர்ஃபி. பல்கலைக்கழகக் குழு அல்ல, ஆர்வத்தால் பறக்கவிட்டவர். அதனால் அதற்கு ‘ட்ரோன்ஹெஞ்ச்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அடுத்த நல்ல மழைக்குப் பிறகு அந்த வயலைப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஸ்டோன்ஹெஞ்சில் 2013இல் நடந்தது இன்னும் சுவாரசியம். வெளிவட்டக் கற்கள் முதலில் முழு வட்டமாக நின்றனவா, அல்லது கட்டுபவர்கள் பாதியில் விட்டுவிட்டார்களா என்பது பழைய சண்டை. அங்கே கோடையில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ரப்பர் குழாய் ஒரு பக்கத்துக்கு எட்டவில்லை. அந்தப் பக்கப் புல் காய்ந்தது. பணியில் இருந்த டிம் டா, காய்ந்த தரையில் திட்டுத் திட்டாகத் தடங்கள் இருப்பதைக் கண்டார். கல் இருந்திருக்க வேண்டிய இடங்களில், சரியான இடைவெளியில். முழு வட்டம்தான் என்று சொல்பவர்கள் பக்கம் அது பலமாகச் சாய்ந்தது. குழாய் இன்னும் பத்து மீட்டர் நீளமாக இருந்திருந்தால்? எத்தனையோ அகழாய்வுக்கு எட்டாத விடை குட்டைக் குழாயில் கிடைத்தது.

பயிரே இல்லாத காட்டில் என்ன செய்வது? குவாதமாலாவின் பெத்தேன் காட்டில் மாயா நகரங்கள் மரங்களுக்குள் மறைந்திருக்கின்றன. சான் பார்த்தோலோவில் மாயா சுவரோவியங்களைக் கண்டெடுத்த வில்லியம் சாட்டர்னோவும் நாசாவின் டாம் செவரும் இகோனோஸ் செயற்கைக்கோள் படங்களை அகச்சிவப்போடு சேர்த்துப் பார்த்தார்கள். புதைந்த கட்டடங்களுக்கு மேலிருந்த மரங்களின் தலைகள் சுற்றியுள்ள காட்டிலிருந்து வேறு நிறத்தில் தெரிந்தன. மாயாக்கள் கட்டியது சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு. அது கரைந்து மண்ணின் தன்மையை மாற்ற, மேலே மரத்தின் இலை அதைக் காட்டியது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் லேசர் ஒளியால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் வந்து காட்டுத் தேடலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2018இல் அதே குவாதமாலாவில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டரில் 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்களை லைடார் காட்டியது. ஆனால் லைடார் மேடுபள்ளம் மிச்சமிருந்தால்தான் காட்டும். உழுது மட்டமாக்கிய வயலில் அதற்கு வேலை குறைவு. அங்கே இன்றும் பயிர்தான் சாட்சி.

இப்போது தடைகள். முதலாவது, படத்தின் நுணுக்கம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படம் இலவசம், ஐந்து நாளுக்கொரு முறை வருகிறது, ஆனால் பிக்சல் 10 மீட்டர். சுவரின் அகலம் முக்கால் மீட்டரோ ஒன்றரை மீட்டரோதான். பத்து மீட்டர் கட்டத்துக்குள் ஒரு மீட்டர் வாட்டம் கரைந்துபோகும், குடத்தில் போட்ட ஒரு சொட்டு மைபோல. அகலமான அகழி, மதிலோடு சேர்ந்த பள்ளம், தூர்ந்த ஆறு ஆகியவை சென்டினலில் தெரியலாம். வீட்டுச் சுவர் தெரியாது. அதற்கு ஒரு மீட்டரை ஒட்டிய தெளிவுள்ள வணிகச் செயற்கைக்கோள் வேண்டும், அல்லது விமானம், ட்ரோன்.

இரண்டாவது, ஆழம். வேர் தொடும் ஆழத்தில் அல்லது அதன் ஈரத்தைப் பாதிக்கும் ஆழத்தில் இருந்தால்தான் பயிருக்குத் தெரியும். மூன்று மீட்டர் வண்டலுக்கடியில் இருக்கும் நகரத்தைப் பற்றிக் கடலைச்செடிக்கு ஒரு கவலையும் இல்லை.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பொய்த்தடம். உரம் தெளித்த இயந்திரம் விட்டுவிட்டுப் போன கோடு, டிராக்டர் தடம், பழைய வடிகால் குழாய், எடுத்துவிட்ட வரப்பு, மாடு கட்டிய முளைக்குச்சியைச் சுற்றி மேய்ந்த வட்டம், புல்லில் பூஞ்சை உண்டாக்கும் வளையம் எல்லாமே மேலிருந்து பார்த்தால் ‘வரலாறு’போல இருக்கும். கிழக்கு இங்கிலாந்தில் பனியுகத்தில் மண் உறைந்து வெடித்த பிளவுகள் பலகோண வலையாகப் பயிரில் தெரியும். மனிதக் கை படாத தடம் அது. தொடக்கத்தில் நானும் ஒரு நேர்கோட்டைப் பார்த்து ராஜபாட்டை என்று குதித்திருக்கிறேன். விசாரித்தால் குடிநீர்க் குழாய் போட்ட பள்ளம். நேர்கோடும் சரியான கோணமும் மனிதன் செய்ததற்கு அடையாளம்தான். எந்த நூற்றாண்டு மனிதன் என்பதை அவை சொல்லாது. பயிர்த்தடம் காலத்தைச் சொல்லாது என்பதைக் கல்வெட்டாகப் பொறித்துக்கொள்ள வேண்டும். தடம் தலைகீழாகவும் மாறும்: மழை மிகுந்த ஆண்டில் அகழியின் மேல் தண்ணீர் தேங்கி அங்கே பயிர் அழுகிக் குன்றிப்போனால், பள்ளம் சுவர்போலத் தெரியும்.

தடம் தெரியவில்லை என்றால்? ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. அந்த நாளில், அந்தப் பயிர் தாகத்தில் இல்லை என்று மட்டும்தான் பொருள். கோதுமை, பார்லி போன்ற தானியப் பயிர்கள் நன்றாகக் காட்டும். மேய்ச்சல் புல் கடும் வறட்சியில்தான் காட்டும். சரளை, மணல் கலந்த நிலம் நல்லது. களிமண் ஈரத்தை விடாது, அதனால் காட்டாது.

இந்தப் பின்னணியில் உங்கள் மேட்டுக்கு வருவோம். இந்தியாவில் தாவர ஒளியைக் கொண்டு செய்த பெரிய வேலை பெரும்பாலும் கட்டடத்தைத் தேடியது அல்ல, ஆற்றைத் தேடியது. ஹெக்டர் ஒரெங்கோவும் கேமரன் பெட்ரியும் 2017இல் வெளியிட்ட ஆய்வு வடமேற்கு இந்தியாவைப் பற்றியது. பல ஆண்டு லேண்ட்சாட் படங்களைப் பருவவாரியாகச் சேர்த்து, பயிரும் ஈரமும் மாறுவதை வைத்து 8,000 கிலோமீட்டருக்கு மேல் பழைய ஆற்றுத் தடங்களை வரைந்தார்கள். சிந்துவெளி ஊர்கள் எந்த நீரை நம்பியிருந்தன என்ற கேள்விக்கு அது நேரடியாக உதவுகிறது. ஆறு அகலமானது, அதனால் 30 மீட்டர் பிக்சல் போதும் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருக்காமல் நூற்றுக்கணக்கான நாட்களைக் கூட்டிப் பார்த்ததும் புத்திசாலித்தனம். பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் எம்.பி. ராஜனி, நாளந்தாவைச் சுற்றியுள்ள மேடுகளையும் குளங்களையும் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஐரோப்பா போலப் பயிர்த்தடம் கொட்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். நஞ்சையில் பாய்ச்சும் தண்ணீர், தாகத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது. நெல் வயலுக்கடியில் அரண்மனையே இருந்தாலும் பயிர் பேசாது. கீழடியில் செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் கிடைத்த மேட்டின் மேல் இருந்தது தென்னந்தோப்பு. தென்னை ஓலையும் மரத்துக்கு மரம் விட்ட இடைவெளியும் சேர்ந்து தனி வடிவம் போட்டுக் கண்ணை மறைக்கும். நிலமோ சிறு சிறு துண்டு. பக்கத்துப் பக்கத்து வயலில் வேறு வேறு பயிர், வேறு வேறு நாளில் விதைப்பு. அல்தினோவின் பெரிய சோள வயல்கள் நமக்குக் கிடையாது. கரிசல் ஈரத்தை இறுகப் பிடிக்கும் களி.

வாய்ப்பு இருக்கும் இடம் என்று நான் கருதுவது மானாவாரிப் புஞ்சை, அதிலும் செம்மண்ணும் மணற்பாங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் முளைத்த சோளமோ கம்போ உளுந்தோ, மழை நின்ற பிறகு தை, மாசியில் கடைசி ஈரத்தில் நிற்கும் சில வாரங்கள் இருக்கிறதே, அதுதான் நம்முடைய ‘ஜூலை’. வடகிழக்குப் பருவமழை சீக்கிரம் முடிந்துவிட்ட ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது. பயிர் இல்லாவிட்டாலும் மேட்டின் மேல் தானாக முளைக்கும் புல் காய்வதைப் பார்க்கலாம்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, பழைய படங்களைக் காட்டும் காலக்கோட்டை இழுத்து, உங்கள் மேட்டின் எல்லாப் படங்களையும் தேதியோடு பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவற்றில் நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு தடம் கண்ணில் பட்டால் உடனே நம்பாமல், வேறொரு ஆண்டின் படத்தில், வேறொரு பயிரின் கீழ் அது அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். டிராக்டர் தடம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும், கடைக்கால் மாறாது. பிறகு சென்டினல் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் சென்டினல்-2இன் என்.டி.வி.ஐ. படத்தை அதே வாரங்களுக்குப் பாருங்கள். மேட்டின் ஓரத்தில் வளையமாகப் பசுமை நீடித்தால் தூர்ந்த அகழியாக இருக்கலாம். அதன் பிறகு வயலுக்குச் சொந்தக்காரரிடம் கேளுங்கள்: எந்த இடத்தில் ஏர் தட்டும், எங்கே பயிர் முதலில் வாடும், எங்கே போன தலைமுறையில் கிணறு தூர்த்தார்கள். பத்து படத்தில் கிடைக்காத விஷயம் அந்தப் பேச்சில் வரும். பொய்த்தடங்களில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. தோண்டாதீர்கள். உள்ளே என்ன என்று உறுதிசெய்யத் தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி என்று அடுத்த கட்டக் கருவிகள் இருக்கின்றன. அதற்கும் பிறகுதான் அகழாய்வு. புதையல் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளைச் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். அதைத் தொல்லியல் ஆர்வலர்கள் மட்டும் படிப்பதில்லை. மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதும்போது ‘எங்கள் ஊரில் அரண்மனை இருக்கிறது’ என்று எழுதாமல், படம் எடுத்த தேதி, அன்று வயலில் நின்ற பயிர், அதற்கு முந்தைய மழை, அதே தடம் தெரியும் இன்னொரு ஆண்டின் படம், மேட்டில் மேலாகக் கிடக்கும் பானை ஓட்டின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல், கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.